சாத்தாங்குறிச்சி அத்தைக்குத் துஷ்டி

அத்தையை எப்படிச் சாகடிப்பது என்று முடிவு செய்ய வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங் போட்டிருந்தார்கள். டீயும் சமோசாவும் உண்டு என்று சுற்றறிக்கையிலேயே போட்டிருந்ததால் எல்லாரும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"மாரடைப்பு?" என்று ஆரம்பித்தார் டாக்டர் பிலவேந்திரன். மாவட்ட வதந்தித் தடுப்பு மையத்துக்கு அவர்தான் தலைவர்.

"வேண்டாம் சார்," என்றாள் ஆரிஃபா. அத்தையை உண்டாக்கிய இன்ஜினியர் அவள். "மாரடைப்புன்னு போட்டா தடுப்பூசிதான் காரணம்னு அஞ்சு நிமிஷத்துல ஆடியோ வந்துடும்."

"அப்ப காய்ச்சல்."

"ஊசி போட்டும் காய்ச்சல் வந்து செத்துட்டாங்கம்பாங்க."

"வயசாகி?"

"எழுபத்தெட்டுதான் சார் குடுத்திருக்கோம். போன மாசம் கூட சினையாட்டுக்கு வைத்தியம் சொன்னாங்களே, நல்லாத்தானே இருந்தாங்கம்பாங்க."

"லாரி மோதி?"

"எந்த லாரி, எந்த ஸ்டேஷன்ல கேஸுன்னு கேப்பாங்க சார்."

டாக்டர் சமோசாவை உடைத்து ஆறவைத்தார். "இந்த மாவட்டத்துல ஒரு மனுஷி நிம்மதியா சாகக்கூட முடியாது போலிருக்கே," என்றார். அவர் சிரிக்கவில்லை. மேலிடத்து உத்தரவு மேசையில் கிடந்தது. பக்கத்து மாநிலத்தில் இதே மாதிரி ஒரு 'பெரியப்பா' செய்து விட்டிருந்தார்கள். அவர் மனிதரே இல்லை, கணிப்பொறி என்று ஒரு பத்திரிகை கண்டுபிடித்து நாறடித்துவிட்டது. இங்கே அந்த நாற்றம் வருமுன் திங்கட்கிழமைக்குள் அத்தையை முடித்துவிட வேண்டும்.

மேசையின் கடைசியில் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்தாறு. அத்தை தனியாக யாருக்காவது பதில் சொன்னால், அது வெளியே போவதற்கு முன் படித்துத் திருத்துவது அவள் வேலை. சமோசாவை அவள் தொடவில்லை.

"இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா சார்? ரெண்டாவது டோஸ் முடியட்டும்," என்றாள்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு நாள்ல வருது ரெண்டாவது டோஸ். யாருக்கும்மா பத்து நாள்?"

உலகம்மாள் சமோசாத் தட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளினாள். அவள் அம்மா பகவதியம்மாளுக்கு ரெண்டாவது ஊசி அடுத்த செவ்வாய்க்கிழமை. அதை அங்கே சொல்ல முடியாது. சொன்னால் மூன்று மாதமாக அவள் செய்துவந்த திருட்டுத்தனம் வெளியே வந்துவிடும்.

கடைசியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது என்று தீர்மானமாயிற்று. "வழுக்கி விழறதுக்கு ஊசி கிடையாது. அதனால வதந்தியும் கிடையாது," என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை ராத்திரி மரணம், விடியக்காலையிலேயே அடக்கம் முடிந்தது என்று சனிக்கிழமை காலை போட்டுவிட்டால் கூட்டம் கிளம்பாது என்று ஆரிஃபா சொன்னாள். ஆகா என்றார்கள். ரெண்டாவது டோஸை மறந்துவிடாதீர்கள் என்று வெள்ளிக்கிழமை பகலிலேயே அத்தை எல்லாருக்கும் ஒரு கடைசி ஆடியோ அனுப்புவாள். டீ ஆறிப் போயிருந்தது.

அத்தை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மழை முடிந்த கையோடு முறுக்குக் காய்ச்சல் வந்தது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி மூட்டுகளைப் பிழிந்துவிடும். சர்க்கரை இருக்கிறவர்களுக்குச் சிறுநீரகத்தில் போய் உட்காரும். அப்படி உட்கார்ந்தால் பத்தில் மூன்று பேர் வீடு திரும்பவில்லை. ஊசி வந்தது, மூன்று மாத இடைவெளியில் ரெண்டு தவணை. ஊசி வந்ததே தவிர ஆள் வரவில்லை. ஊசி போட்டால் பிள்ளை தங்காது என்று ஒரு ஆடியோ, நண்டு ரசம் குடித்தாலே போதும் என்று லண்டன் டாக்டர் பெயரில் இன்னொன்று. நம் டாக்டர் பிலவேந்திரன் வெள்ளைக்கோட்டு மாட்டிக்கொண்டு எட்டு நிமிடம் பேசிய வீடியோவை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அதில் நூற்றுத் தொண்ணூறு பேர் துறை ஊழியர்கள். பார்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவு.

அப்போதுதான் ஆரிஃபா தன் செயற்கை அறிவுப் பொறியைக் காட்டினாள். ஒரு குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அதைச் சேர்த்துவிட்டால் மூன்று வருடத்துப் பேச்சையும் ஒரு நிமிடத்தில் கேட்டு முடித்துவிடும். யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், யாருக்கு எந்த வயலில் வரப்புத் தகராறு, எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது, எல்லாம் அத்துப்படி. பிறகு சொந்தக்காரர் மாதிரியே குரல் கொடுத்துப் பேசும். சேர்ப்பதற்குச் சம்மதமும் உண்டு. காய்ச்சல் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிற படிவத்தில் பதினான்காவது வரி. அதை யாரும் படித்ததில்லை.

"நீங்க யாருன்னு ஒருத்தர் கேட்டா கதை முடிஞ்சுதே?" என்று டாக்டர் அன்றைக்குக் கேட்டார்.

"கேக்க மாட்டாங்க சார்," என்றாள் உலகம்மாள். "அத்தைன்னு ஒருத்தி பேசும்போது நீ யாருன்னு கேட்டா அத்தைக்குக் கோவம் வந்துரும். அப்புறம் பத்திரிகை வைக்கப் போனா வாசல்லயே நிக்க வச்சிருவா. அந்தப் பயத்துல பக்கத்துல இருக்கவங்ககிட்டதான் கேப்பாங்க. அவங்களுக்கும் தெரியாது. ஆனா தெரியலைன்னு சொன்னா கேவலம். நம்ம பெரிய வீட்டு வகையறால்லா அப்படின்னு சொல்லிருவாங்க. பேரு கூட வேண்டாம். ஊரைச் சொன்னாப் போதும்."

அப்படியேதான் நடந்தது. பஸ் போகாத ஊராகப் பார்த்து, நாற்பது வீட்டுச் சாத்தாங்குறிச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு குழுக்களில் 'சாத்தாங்குறிச்சி அத்தை பேசுதேன்' என்று ஒரு கரகரத்த குரல் எழுந்தது. முஸ்லிம் வீட்டுக் குழுக்களில் சாத்தாங்குறிச்சி மாமி. ஒருத்தர்கூட யார் என்று கேட்கவில்லை. ஏழெட்டுப் பேர் 'நல்லா இருக்கீங்களா அத்தை, பார்த்து எவ்வளவு நாளாச்சு' என்று வேறு எழுதினார்கள். அத்தை திட்டினாள், கெஞ்சினாள், "நண்டு ரசம் குடிச்சா நண்டுக்குத்தாம்ல நட்டம்" என்றாள். ஊசி முகாமில் வரிசை தெருமுனையைத் தாண்டியது.

அந்த நானூற்றுப் பன்னிரண்டில் பகவதியம்மாளின் குழுவும் ஒன்று.

பகவதியம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. உலகம்மாள் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கி ரெண்டு வருடமாகிறது. அன்றையிலிருந்து தாயும் மகளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சோறு இருக்கு, பால்காரன் வந்தான், மோட்டார் போடு. இவ்வளவுதான் பேச்சு. ஏன் வந்தாய் என்று தாய் கேட்கவில்லை. கேட்காதவளிடம் மகள் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி மகள் மூன்று தரம் சொன்னபோது, "ஒன் சோலியப் பாரு" என்பதே பதில்.

ஆனால் அத்தை சொன்ன மறுநாளே பகவதியம்மாள் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். அதோடு நிற்காமல் அத்தையோடு தனியாகப் பேசவும் ஆரம்பித்தாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, மருந்துக் கடையில் கணக்குச் சொல்வது மாதிரி முதலில் தன் சர்க்கரை அளவைச் சொல்வாள். அப்புறம் பேச்சு மகளிடம் வந்துவிடும்.

சொந்தக்காரர் செய்தி வந்தால் வேறு ஊழியருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது மையத்தின் விதி. உலகம்மாள் மாற்றவில்லை. அம்மா குரலில் தன் பெயரைக் கேட்டு ரெண்டு வருடமாகியிருந்தது, அவள் எப்படி மாற்றுவாள்?

ஒருநாள் பகவதியம்மாள் இப்படி அனுப்பினாள்: "அத்தை, எம் மவ ரெண்டு வருசமா வீட்டோட கெடக்கா. அங்கன என்ன நடந்துதுன்னு நான் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருக்கணுமோ?"

பொறி ஒரு பதிலைத் தயாரித்து வைத்தது. குடும்பம் என்றால் நாலும் இருக்கும், பொறுத்துப் போகச் சொல்லு, பொம்பளைப்பிள்ளை இறங்கிப் போவதில் தப்பில்லை. அத்தைகள் என்ன சொல்வார்கள் என்று லட்சம் குடும்பத்துப் பேச்சிலிருந்து படித்த பொறி அது. தப்பாகச் சொல்லவில்லை. உலகம்மாள் அதை முழுக்க அழித்துவிட்டுத் தட்டினாள்: "கேட்டிருக்கணும். இப்பவும் கேக்கலாம்." பொறி அதை அத்தை குரலில் அனுப்பியது.

இன்றைக்கு அம்மா கேட்பாள் என்று நினைத்துக்கொண்டே அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். பகவதியம்மாள் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சோறு இருக்கு," என்றாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு குழுக்களிலும் அத்தையின் நம்பரிலிருந்தே செய்தி வந்தது. 'எங்கள் தாயார் நேற்று இரவு குளியலறையில் தவறி விழுந்து இயற்கை எய்தினார். அடக்கம் முடிந்தது. இப்படிக்குக் குடும்பத்தினர்.'

பகவதியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உலகம்மாள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

பத்தே முக்காலுக்கெல்லாம் ஒரு ஆடியோ சுற்றியது. பாத்ரூமில் அத்தை ஏன் விழுந்தாள்? தலைசுற்றல். தலைசுற்றல் ஏன் வந்தது? ரெண்டாவது ஊசி. பேசியவர் யாரென்று தெரியவில்லை, ஆனால் அழுதுகொண்டே பேசினார்.

"ரெண்டாவது ஊசி நான் போட மாட்டேன்," என்றாள் பகவதியம்மாள். "அத்தையையே கொன்னுட்டு இனி யாருக்கு ஊசி."

"யம்மா, ஒனக்கு சக்கரை இருக்கு. ஒரு ஊசியோட நின்னா பிரயோசனமே இல்ல."

"நாளைக்கு நான் சாத்தாங்குறிச்சி போறேன். துஷ்டி கேக்கணும்."

உலகம்மாளுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. அடக்கத்தை யோசித்தார்கள், போலீஸ் ஸ்டேஷனை யோசித்தார்கள், லாரியின் நம்பர் பிளேட்டைக்கூட யோசித்தார்கள். சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்கிற துஷ்டியை ஒரு ஆள் யோசிக்கவில்லை. அந்த மேசையைச் சுற்றி இருந்த ஒன்பது பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். நல்ல காரியத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, துஷ்டிக்குப் போகாதவன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவர்கள். டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ஐயையோ," என்றார் டாக்டர் பிலவேந்திரன். "எங்க அம்மாவும் காலையில இருந்து பூக்கடையில மாலைக்குச் சொல்லிட்டு நிக்காங்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் ஆலங்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. எந்த ஊருக்கு என்று ஆட்டோக்காரர் கேட்கவே இல்லை. "துஷ்டிதானே, ஏறுங்க. காலையில இருந்து இது பதினோராவது நடை," என்றார். உலகம்மாள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். ஊரில் போய் இறங்குவோம், அப்படி யாரும் இங்கே கிடையாது என்பார்கள், அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். அப்போது சொல்லிவிட வேண்டியதுதான். அத்தை பொய் என்று தெரிந்தால் அத்தை சொன்ன ஊசியும் பொய்யாகிவிடும். மூன்று மாதம் அம்மா யாரோடு பேசினாள் என்பதும் தெரிந்துவிடும்.

ஊருக்குள் நுழைந்ததும் பந்தல் தெரிந்தது.

நிஜப் பந்தல். நூறு பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன், மர நிழலில் இருபது பைக். வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்து, கழுவி, நடுக்கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அத்தையின் படம் மட்டும் இல்லை. வெளியே ஆம்பளைகள் வரிசையாகக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள், அறுபது பேர் இருப்பார்கள். தலையில் முக்காடு போட்ட ரெண்டு பேர், கையில் ஜெபமாலையோடு ஒரு டீச்சர், விபூதிப் பட்டையோடு நாலு பேர். ஒரே அத்தைக்கு எப்படி இத்தனை வகையில் சொந்தம் என்று யாரும் கேட்கவில்லை. துஷ்டி வீட்டில் கேட்கிற கேள்வியா அது?

தண்ணீர் ஊற்றிக் கொடுத்த ஆளிடம் உலகம்மாள் மெல்ல விசாரித்தாள். "இது யாரு வீடுண்ணே?"

"பம்பாய்ல இருக்கவங்க வீடும்மா. நேத்து மத்தியானத்துல இருந்து முப்பது நாப்பது பேரு வந்துட்டாவ, அத்தை வீடு எதுன்னு கேட்டு. அப்படி ஒரு ஆளு எங்களுக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவீய? ஊர்ல ஒரு மனுசி இவ்வளவு பேருக்கு நல்லது செஞ்சிருக்கா, ஊர்க்காரனுக்கே தெரியலைன்னா காறித் துப்ப மாட்டாங்களா? நீங்க எந்த வகையில சொந்தம்னு நான் கேட்டனா?" என்றார் அவர்.

உள்ளே விளக்குப் பக்கத்தில் சொர்ணம் என்ற கனத்த பெண்மணி துஷ்டிக்காரர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். யாராவது ஒருத்தி உட்கார வேண்டும் என்று ஊரில் பேசி அவளை உட்கார வைத்திருந்தார்கள். பொறுப்பு கொடுத்தால் சும்மா இருப்பாளா? வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். எப்படிப் போனாள் என்று கேட்டவர்களுக்கு, போனில் கேட்டதையே கண்ணால் பார்த்தது மாதிரி சொன்னாள். "அந்த ரெண்டாவது ஊசியப் போட்டுட்டு வந்தா. கண்ணு இருட்டுதுன்னா. போயிட்டா. யாரும் போடாதீயன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா."

அறுபது பெண்கள் தலையை ஆட்டினார்கள். பகவதியம்மாளும் தலையாட்டினாள். சாயங்காலத்துக்குள் இந்தத் தலையாட்டு நானூற்றுப் பன்னிரண்டு குழுவுக்கும் போய்விடும் என்று உலகம்மாளுக்குத் தெரியும்.

"அப்படிச் சொல்லலை," என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சொர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மூன்று மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு குழுவிலும் ஒருத்தரும் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள். "யாரு பிள்ள நீ?"

உலகம்மாள் அம்மாவைப் பார்க்கவில்லை. குத்துவிளக்கையே பார்த்துக்கொண்டு, "மவ," என்றாள். "அவ மவ நான்."

சொர்ணத்துக்கு முகம் வெளிறியது. சொந்த மகள் வந்து நிற்கும்போது நாம் உட்கார்ந்திருக்கிறோமே என்று எழுந்து இடத்தை விட்டாள். உலகம்மாள் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மை வழுக்கித்தான் விழுந்தா. தரையில சோப்புத் தண்ணி," என்றாள். "ரெண்டாவது ஊசி அவளுக்கு வார செவ்வாக்கிழமை. போடுறதுக்கு முன்னாடியே போயிட்டா. எல்லாரையும் போட வச்சுட்டு நான் போடாமப் போறேனேன்னுதான் அவளுக்குக் குறை. எனக்குப் பதிலா எல்லாரும் போட்டுக்கிடணும்னு சொன்னா."

பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஒவ்வொருத்தியாக வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். பெற்ற தாய் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்க, இப்படித் துஷ்டி வாங்குகிறோமே என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முக்காடு போட்ட அம்மாள் ஒருத்தி அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, "மாமி உன்னை விட்டுட்டுப் போயிட்டாளே ராசாத்தி. மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டாள்.

"இல்ல. நான் அவனை விட்டு வந்துட்டேன்."

"ஏம்மா?"

ரெண்டு வருடமாக யாரும் கேட்காதது அது. உலகம்மாள் வாயைத் திறந்தாள். இப்போதும் பொய் சொல்லியிருக்கலாம்.

"அடிப்பான். கேஸ் அடுப்புப் பத்த வைக்கிற லைட்டரை வச்சு அடிப்பான். அம்மைகிட்ட சொன்னா திருப்பி அனுப்பிருவாளோன்னு பயந்து சொல்லலை," என்றாள். பிறகு நிஜமாகவே அழுதாள்.

வரிசை நகர்ந்தது. கடைசியில் பகவதியம்மாள் வந்தாள். மற்றவர்கள் செய்தது போலவே முன்னால் உட்கார்ந்து, மகளின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க அம்மை திருப்பி அனுப்பியிருக்க மாட்டா," என்றாள். "அவளுக்குக் கேக்கத் தெரியலை. அதான் குறை. மத்தபடி நல்ல மனுசிதான்."

பிறகு எழுந்தாள். துஷ்டி வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அதனால் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் பகவதியம்மாள். பாவூர்ச்சத்திரம் வந்ததும் உலகம்மாள்தான் கேட்டாள்.

"அது நான்தான்னு எப்பத் தெரியும்?"

"கேட்டிருக்கணும், இப்பவும் கேக்கலாம்னு ஒரு நாள் சொன்னா பாரு. அன்னைக்கே," என்றாள் பகவதியம்மாள். "எந்த ஊர்ல ஏட்டி அப்படி ஒரு அத்தை இருக்கா? அத்தைன்னா பொறுத்துப் போவச் சொல்லுன்னுதான் சொல்லியிருப்பா. ஒன் ஆபீஸ்ல என்ன சோலின்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் பேசுன?"

"நான் சொன்னா நீ கேக்க மாட்டே. நீ சொன்னா நான் கேக்க மாட்டேன். நடுவுல ஒருத்தி இருந்தா. அவளையும் கூட்டம் போட்டுக் கொன்னுட்டீய. கோவம் வராதா எனக்கு?"

"இல்லாத ஆளுக்கு எதுக்கும்மா துஷ்டிக்கு வந்தே?"

"மூணு மாசம் பேசியிருக்கேன். போவாம இருக்க முடியுமா?"

அப்போது போன் அடித்தது. டாக்டர் பிலவேந்திரன். குரலில் உற்சாகம். "அத்தைக்கு ஒரு மகள் இருக்காளாமே, உங்களுக்குத் தெரியுமா? எங்க அம்மா நேர்ல பார்த்துட்டு வந்து அழுறாங்க. எல்லாக் குழுவுலயும் அவ பேச்சுதான். ஊசிக்கு இன்னைக்கு மட்டும் நாலாயிரம் பேர் பதிஞ்சிருக்காங்க. ஆரிஃபா அந்த மகளை உடனே தயார் பண்றேங்கா. நாளைக்குப் பதினோரு மணிக்கு மீட்டிங் வச்சிருக்கேன், வந்துடுங்க." சமோசா உண்டா என்று அவர் சொல்லவில்லை, உண்டு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"யாரு?" என்றாள் பகவதியம்மாள்.

"ஆபீஸ். அத்தையோட மவளை எல்லாக் குழுவுலயும் சேக்கப் போறாங்களாம்."

பகவதியம்மாள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம குழுவுக்கு வேண்டாம்னு சொல்லிரு," என்றாள். அப்புறம், "செவ்வாக்கிழமை ஊசிக்கு எத்தனை மணிக்குப் போவணும்?" என்று கேட்டாள்.